சார்லட்ஸ்வில் வழியாக நுங்கம்பாக்கம்

2007 மே மாதம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்றொரு ஊர். பல்கலைக்கழகத்தைச் சுற்றியே வளர்ந்த ஊர். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய டென்னிஸ் போட்டி (என்சிஏஏ என்று சொல்வார்கள்) அந்த வருஷம் அங்கே நடந்தது. ஒற்றையர் இறுதிக்கு வந்த இருவரில் ஒருவர் ஜான் இஸ்னர். ஆறடி பத்தங்குலம். அதே ஜார்ஜியா பல்கலைக்கழகத்து மாணவர். சில நாள் முன்னால்தான் அதே மைதானத்தில் அவர் அணி அந்த வருஷத்தின் அணிக் கோப்பையைத் தூக்கியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னம் புல்டாக். ரசிகர்கள் கைதட்டுவதோடு நிற்கமாட்டார்கள், குரைப்பார்கள்.

இன்னொருவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சோம்தேவ் தேவ்வர்மன். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. திரிபுராக் குடும்பம், பிறந்தது கவுஹாத்தியில், டென்னிஸ் ஆடி வளர்ந்தது நம்ம சென்னையில்.

7-6, 4-6, 7-6. கடைசி டைபிரேக் 7-2. சோம்தேவ் ஜெயித்தார்.

அடுத்து நடந்ததைத்தான் நான் பலரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தோற்ற இஸ்னருக்கு அது நாலாவது வருஷம், காலேஜ் முடிந்தது. ஆண்களுக்கான தொழில்முறை டென்னிஸான ஏடிபி போட்டிகளுக்குள் நுழைந்தார். அந்தக் கோடையிலேயே வாஷிங்டனில் வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவர்களுக்குப் போட்டி நடத்துகிறவர்கள் தரும் சிறப்பு இடம்) ஆடி, அடுத்தடுத்து ஐந்து ஆட்டங்களை மூன்றாவது செட் டைபிரேக்கில் ஜெயித்து இறுதிக்குப் போய் ஆண்டி ராடிக்கிடம் தோற்றார். அமெரிக்க ஓபனில் ஃபெடரரிடமிருந்து முதல் செட்டைப் பறித்தார். ஒரே கோடையில் டென்னிஸ் உலகம் முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டார். அவரைத் தோற்கடித்தவரோ சார்லட்ஸ்வில் ஊருக்கு, வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு, மறுபடி வகுப்புக்குப் போனார். சோஷியாலஜி பட்டப்படிப்பில் இன்னும் ஒரு வருஷம் மிச்சமிருந்தது.

சோம்தேவின் டென்னிஸ் வாழ்க்கையில் மிகச் சரியான முடிவு அதுதான் என்று நான் நம்புகிறேன்.

நம்ம ஊரில் இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. விடியற்காலையில் எந்த டென்னிஸ் கோர்ட் வாசலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பிள்ளை உள்ளே பந்து அடித்துக்கொண்டிருக்கும், அப்பாவோ அம்மாவோ ஸ்கூட்டரில் சாய்ந்தபடி கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். பிளஸ் டூ நெருங்க நெருங்கக் கவலையும் கூடும். போன மாதம் ஓர் அப்பா என்னிடம் கேட்டார்: “சார், அமெரிக்கா காலேஜுக்கு அனுப்பினா படிப்பு கிடைச்சிடும், ஆட்டம் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா?” அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கல்லூரி ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். டென்னிஸைத் தனியாள் விளையாட்டாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு அது வேறு உலகம். இரண்டு கல்லூரிகள் மோதும். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள். அதில் இரண்டை ஜெயிக்கும் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நாலு புள்ளியை முதலில் எட்டும் அணிக்கு வெற்றி. ஆறு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் ஓடும். நீங்கள் இங்கே 5-5 என்று திணறிக்கொண்டிருக்கும்போது நாலு கோர்ட் தள்ளி உங்கள் அறைத்தோழன் செட் பாயின்ட்டில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துவான். எதிர் அணியின் ஆட்கள் உங்கள் சர்வுக்கு நடுவே சத்தம் போடுவார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் லைன் அம்பயர் கிடையாது, பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிறவர்களே சொல்ல வேண்டும். பயிற்சியாளர் கோர்ட் ஓரத்திலேயே இருப்பார், ஆட்டத்துக்கு நடுவிலேயே பேசலாம். தோற்றால் உங்களோடு போகாது, மொத்த அணியும் தோற்கும். இருபது வயதில் இந்த நெருக்கடியில் வாரா வாரம் ஆடுகிறவனுக்கு, பின்னால் டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆடும்போது கை நடுங்காது.

அதே இருபது வயதில் காலேஜுக்குப் போகாத பையன் என்ன செய்துகொண்டிருப்பான்? ஃபியூச்சர்ஸ் போட்டிகளைத் துரத்திக்கொண்டிருப்பான். தொழில்முறை டென்னிஸின் கடைசிப் படி அது. அந்தக் காலத்தில் மொத்தப் பரிசுத்தொகையே பத்தாயிரம், பதினைந்தாயிரம் டாலர்தான். முப்பத்திரண்டு பேர் ஆடும் பிரதானச் சுற்றில் அதைப் பங்கு போட்டால், முதல் சுற்றில் தோற்றவனுக்கு நூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். விமான டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் கைக்காசு. கூட வரப் பயிற்சியாளர் கிடையாது. கணுக்கால் பிசகினால் ஐஸ் வாங்கித் தருவதற்குக்கூட ஆள் இருக்காது. இப்படி அலைந்து காசு தீர்ந்து, இருபத்திரண்டு வயதில் மட்டையை மூட்டை கட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள் நம்மிடம் நிறையப் பேர். அவர்களுக்கு ஆட்டம் வராமல் இல்லை. ஆட்டம் பழுக்கும் வரைக்கும் தாங்கிப்பிடிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வர்ஜீனியாவில் சோம்தேவுக்குப் பிரையன் போலண்ட் என்ற நல்ல பயிற்சியாளர் கிடைத்தார். உடற்பயிற்சிக்கூடம், பிசியோ, குளிர்காலத்தில் ஆட உள்ளரங்கு கோர்ட், தினமும் மோதிப் பார்க்க நல்ல சகவீரர்கள், எல்லாமே அங்கேயே இருந்தன. அவருடைய ஆட்டத்துக்கு இது ரொம்பவே தேவைப்பட்டது. காரணம், அவரிடம் ஒரே அடியில் பாயின்ட்டை முடிக்கும் ஆயுதம் எதுவும் கிடையாது. சர்வ் சுமார். அவருடைய பலமெல்லாம் கால்கள், பொறுமை, எதிராளியை இன்னும் ஒரு பந்து அடிக்க வைக்கும் பிடிவாதம். பதினெட்டு வயதில் இதை வைத்துக்கொண்டு வளர்ந்த ஆண்களோடு மோதினால் தவிடுபொடிதான். உடம்பு முற்ற வேண்டும், ஆட்டத்தைப் படிக்கும் புத்தி வளர வேண்டும். அதற்கு வருஷங்கள் பிடிக்கும்.

2006-லேயே என்சிஏஏ இறுதிக்கு வந்து தோற்றார். 2007-ல் இஸ்னரை ஜெயித்துக் கோப்பை வாங்கினார். 2008-ல் அந்த நாலாவது வருஷத்தில் ஆடியது நம்பமுடியாத ஆட்டம். 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் நடந்த இறுதியில் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜே.பி. ஸ்மித்தை 6-3, 6-2 என்று வென்றார். மூன்று வருஷம் தொடர்ந்து இறுதி, இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை. அடுத்தடுத்த வருஷங்களில் இந்தப் பட்டத்தை வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள்.

வயசு என்னாச்சு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இருபத்து மூன்று. அவரைவிட ஒரு வயதுக்கு மேல் இளையவரான நடால் அப்போது மூன்று பிரெஞ்சு ஓபன் வாங்கிவிட்டார், அடுத்த இரண்டு வாரத்தில் நான்காவதும் வந்தது. இரண்டு வயது இளையவரான ஜோகோவிச் அந்த ஜனவரியில்தான் ஆஸ்திரேலிய ஓபனை ஜெயித்திருந்தார். நம்ம ஆள் பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக்கொண்டிருந்தார். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் நடாலோடும் ஜோகோவிச்சோடும் ஒப்பிட்டு எடுக்கிற முடிவு எந்தப் பிள்ளைக்கும் சரியாக வராது. ஒரு தலைமுறைக்கு மூன்று பேர் அப்படிப் பிறப்பார்கள். மிச்சம் எல்லோருக்கும் வேறு கணக்கு.

சோம்தேவின் கணக்கு வேகமாகவே கூடியது. காலேஜ் முடித்த அதே கோடையில் லெக்சிங்டனில் சேலஞ்சர் பட்டம் ஜெயித்தார். சேலஞ்சர் என்பது ஃபியூச்சர்ஸுக்கு அடுத்த படி. அமெரிக்க வீரர் என்சிஏஏ பட்டம் ஜெயித்தால் அமெரிக்க ஓபனில் வைல்டு கார்டு தருவது வழக்கம். இவர் இந்தியர், அந்த வாசல் இல்லை. தகுதிச் சுற்று, சின்னப் போட்டி என்று ஏறி வருஷக் கடைசியில் தரவரிசையில் 200-ஐ நெருங்கினார்.

அப்புறம் 2009 ஜனவரி, சென்னை ஓபன்.

நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் அந்த வாரம் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 202-ஆம் இடத்தில் இருந்த சோம்தேவுக்கு வைல்டு கார்டு கொடுத்திருந்தார்கள். உள்ளூர் ஆளுக்கு ஒரு மரியாதை, ஒரு சுற்று ஆடிவிட்டுப் போவார் என்றுதான் மேல் கேலரியில் என் பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றில் எதிரே கார்லோஸ் மோயா. முன்னாள் உலக முதல் நிலை வீரர், பிரெஞ்சு ஓபன் சாம்பியன், சென்னையிலேயே 2004, 2005 இரண்டு வருஷமும் கோப்பை வாங்கி நம்ம மக்களின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். கைதட்டல் முதலில் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. மோயாவின் ஃபோர்ஹேண்ட் மூலைக்குப் போகும், இவர் ஓடிப்போய் எடுப்பார். மறு மூலைக்குப் போகும், அதையும் எடுப்பார். மூன்றாவது பந்தில் மோயா கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக வைக்கப் பார்த்து வெளியே அடிப்பார். இது திரும்பத் திரும்ப நடந்தபோது ஸ்டேடியத்தின் சத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததை உட்கார்ந்த இடத்திலேயே உணர முடிந்தது. சோம்தேவ் ஜெயித்தார்.

காலிறுதியில் இவோ கார்லோவிச். ஆறடி பதினோரு அங்குலம். அவர் சர்வ் போட்டால் பந்து மாடியிலிருந்து இறங்குகிற மாதிரி இருக்கும். நான் நினைத்துக்கொண்டேன்: இப்படிப்பட்ட உயரத்தோடு மல்லுக்கட்டி, டைபிரேக் வரை பதறாமல் போய் ஜெயிப்பது எப்படி என்று இவர் ஏதென்ஸ் ஊரிலேயே படித்தாகிவிட்டது. ஏஸ் பறக்கும்போது இவர் முகம் மாறவே இல்லை. பந்தைத் துண்டில் துடைக்கிற மாதிரி அதைத் துடைத்துப் போட்டுவிட்டு மறுபக்கம் நடந்தார். இரண்டாவது சர்வ் வந்தால் மட்டும் மட்டையைச் சின்னதாக இழுத்து, நெட்டுக்கு ஓடி வருகிறவரின் காலடியில் பந்தை வைத்தார். அவ்வளவு உயரமான மனிதர் குனிந்து எடுக்க வேண்டிய பந்து. கார்லோவிச்சும் போனார்.

அரையிறுதியில் ரெய்னர் ஷூட்லர் காயத்தால் விலகிவிட்டார். இறுதியில் மரின் சிலிச், பின்னாளில் 2014 அமெரிக்க ஓபன் ஜெயித்த அதே சிலிச், 6-4, 7-6 என்று சோம்தேவை வென்றார். தோல்விதான். ஆனால் காலேஜ் முடித்து எட்டு மாதம்கூட ஆகாத ஒருவர் ஏடிபி இறுதி ஆட்டத்தில் நின்றார். தன் ஊரில், தன் ஜனங்களுக்கு முன்னால்.

அதற்குப் பிறகு வரிசையாக நடந்தது. 2009 செப்டம்பரில் ஜோஹானஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டேவிஸ் கோப்பையில் ரிக் டி வோஸ்ட்டிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, அடுத்த மூன்றையும் எடுத்தார். இந்தியா பதினொரு வருஷத்துக்குப் பிறகு உலகப் பிரிவுக்குத் திரும்பியது.

அடுத்த வருஷம் செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் பிரேசில். அந்த ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். முதல் நாள் இரண்டு ஒற்றையரும் போச்சு. சோம்தேவ் ரிக்கார்டோ மெல்லோவிடம் ஐந்து செட் போராடித் தோற்றிருந்தார். சனிக்கிழமை பயஸ்-பூபதி இரட்டையரை மீட்டுக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சோம்தேவுக்கு எதிரே பெல்லூச்சி, பிரேசிலின் முதல் வீரர். சென்னையின் செப்டம்பர் வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும், கேலரியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே சட்டை ஒட்டிக்கொண்டது. முதல் செட் டைபிரேக் வரை போய் சோம்தேவ் எடுத்தார். இரண்டாவது செட்டில் பெல்லூச்சியின் கால் நகர மறுத்தது. 4-0 ஆனபோது வெயில் தாங்காமல் கைகுலுக்கிவிட்டு வெளியேறினார். வெள்ளிக்கிழமை ஐந்து செட் ஆடிய நம்ம ஆள் இன்னும் ஐந்து செட் ஆடத் தயாராக நின்றுகொண்டிருந்தார். கடைசி ஆட்டத்தில் போபண்ணா மெல்லோவை நேர் செட்களில் முடிக்க, 0-2 என்றிருந்தது 3-2 ஆனது. அணிக்காக ஆடிப் பழகிய உடம்பும் மனசும் எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அதே 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். குவாங்சோ ஆசியப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் டெனிஸ் இஸ்டோமினை இறுதியில் வென்று ஒற்றையர் தங்கம், சனம் சிங்கோடு சேர்ந்து இரட்டையர் தங்கம். சனம் சிங்கும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆள். சார்லட்ஸ்வில் கோர்ட்டில் ஒன்றாகப் பயிற்சி செய்த இரண்டு பேர் இந்தியாவுக்காக ஆசியத் தங்கம் வாங்கினார்கள்.

2011 தொடக்கத்தில் ஜோஹானஸ்பர்க் ஏடிபி போட்டியின் இறுதிக்கு வந்தார். எதிரே கெவின் ஆண்டர்சன். அவரும் காலேஜ்காரர்தான், இலினாய் பல்கலைக்கழகம். 2007-ல் ஜார்ஜியாவிடம் அணி இறுதியில் தோற்ற அதே இலினாய். சோம்தேவ் முதல் செட்டை எடுத்தும் 4-6, 6-3, 6-2 என்று ஆண்டர்சன் ஜெயித்தார். அது அவருடைய முதல் ஏடிபி பட்டம். அதே மார்ச்சில் இண்டியன் வெல்ஸில் தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி நான்காவது சுற்று வரை போய், நடாலிடம் 7-5, 6-4 என்று மரியாதையாகத் தோற்றார் சோம்தேவ். ஜூலையில் தரவரிசை 62. ஒற்றையரில் பயஸின் உச்சமே 73தான். ரமேஷ் கிருஷ்ணன் 23 வரை போனவர், அந்தக் காலத்துக்குப் பிறகு ஓர் இந்தியர் ஒற்றையரில் இவ்வளவு உயரம் வந்தது பெரிய விஷயம்.

அதற்கு மேல் போகவில்லை என்பதும் உண்மை. ஏடிபி பட்டம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சர்வ் கடைசி வரை சுமாராகவே இருந்தது, முதல் ஐம்பதுக்குள் இருப்பவர்கள் அவருடைய இரண்டாவது சர்வைக் காத்திருந்து அடித்தார்கள். 2012-ல் தோள்பட்டைக் காயம் வந்து பல மாதங்களைத் தின்றது. தரவரிசை சரிந்தது, கீழேயிருந்து மறுபடி ஏறினார். 2017 புத்தாண்டு அன்று ஓய்வை அறிவித்தார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. நாலு வருஷம் முன்னாலேயே தொடங்கியிருந்தால் இன்னும் மேலே போயிருப்பாரே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு வருஷம் முன்னால் தொடங்கியிருந்தால் ஃபியூச்சர்ஸிலேயே ஆட்டம் முடிந்திருக்கும் என்பதுதான் என் எண்ணம். ஓடி ஓடிப் பந்து எடுக்கும் ஆட்டக்காரருக்கு உடம்புதான் மூலதனம், அந்த உடம்பைக் கட்டியது அந்தக் கல்லூரி.

இன்றைக்கு இந்த வழி இன்னும் அகலமாகியிருக்கிறது. 2018 விம்பிள்டன் அரையிறுதி நினைவிருக்கிறதா? ஆண்டர்சனும் இஸ்னரும் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆடி, ஐந்தாவது செட் 26-24 என்று முடிந்தது. இரண்டு பேரும் காலேஜ் டென்னிஸில் மோதிக்கொண்டவர்கள். கேமரன் நோரி டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து 2022 விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். பென் ஷெல்டன் 2022-ல் என்சிஏஏ பட்டம் ஜெயித்து, 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதியில் நின்றார். கல்லூரித் தரவரிசையில் மேலே இருப்பவர்களுக்குச் சேலஞ்சர் போட்டிகளில் நேரடி இடம் தரும் திட்டத்தை ஏடிபியே 2023-ல் கொண்டுவந்துவிட்டது. சோம்தேவ் காலத்தில் இதெல்லாம் இல்லை.

நம்ம பக்கத்திலும் ஆள் வந்தாச்சு. மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் டேவிஸ் கோப்பையில் முதல் முறையாக இந்தியாவுக்கு ஆடியபோது, தரவரிசையில் தன்னைவிட எவ்வளவோ மேலே இருந்த ஜெரோம் கிம்மை நேர் செட்களில் ஜெயித்தார். இந்தியா அந்த மோதலையே 3-1 என்று வென்றது.

அந்த அப்பாவிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். அனுப்புங்கள், ஆனால் கல்லூரியின் பெயரைப் பார்த்து அனுப்பாதீர்கள். சோம்தேவ் காலத்தில் ஆண்கள் அணிக்கு மொத்தமே நாலரை ஸ்காலர்ஷிப்தான், அதைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது விதிகள் மாறிவிட்டன, இன்னும் மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் முழுச் செலவா பாதிச் செலவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆறு ஒற்றையர் இடத்தில் முதல் வருஷமே பிள்ளைக்கு இடம் இருக்குமா என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். பெஞ்சில் உட்கார வைத்தால் நாலு வருஷமும் வீண்தான். கோடை விடுமுறையில் சின்னத் தொழில்முறைப் போட்டிகளுக்குப் போக விடுவார்களா, கூட யாராவது வருவார்களா என்றும் கேளுங்கள். அவர் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு, “அந்தப் பயிற்சியாளர்கிட்ட நானே பேசலாமா, இல்ல பையன்தான் பேசணுமா சார்?” என்று கேட்டார். பையன்தான் பேச வேண்டும், மெயிலையும் அவனே எழுத வேண்டும் என்றேன். பிளஸ் ஒன்னிலேயே தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.